பேரிக்காய் என்று சொன்னவர்கள்

குடித்தே சம்பளத்தைத் தொலைக்கிற கணவர்களைப் பற்றி எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பாள். குடிக்காமல் துப்புவதற்குச் சம்பளம் வாங்கிய கணவரைப் பற்றி என்னிடம்தான் இருக்கிறது. இவர், அதாவது என் வீட்டுக்காரர், ஒரு விஸ்கி கம்பெனியில் தலைமை ருசிபார்ப்பவராக இருந்தார். கல்யாணம் பேசிய சமயத்தில் இவரைப் பற்றி விசாரித்துவிட்டு வந்த என் அண்ணன், "பையன் தினமும் காலைல விஸ்கிய வாயில ஊத்திக்கிறானாம். ஆனா குடிக்க மாட்டானாம். என்ன எழவு வேலையோ, எனக்கு ஒண்ணும் புரியல" என்று தலையைச் சொறிந்தான். எனக்கும் அன்று புரியவில்லை. வாழ்க்கைப்பட்ட பிறகு நன்றாகவே புரிந்தது. எனக்கு வாய்த்தது ஒரு மனிதர் அல்ல, ஒரு மூக்கு. மனிதர் அந்த மூக்கோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அந்த மூக்குக்காக நான் விட்டுக்கொடுத்தவை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் வாசனை சோப்பு கூடாது. முகத்துக்குப் பவுடர் கூடாது. இவர் வேலைக்குக் கிளம்பும்வரை அடுப்பில் வெங்காயம் வதங்கக் கூடாது. நான் தையற்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுக்கிறேன். என் மெஷினுக்குப் போடும் எண்ணெய் நாறுகிறது என்று, வெளிச்சமான முன்னறையிலிருந்து அதைப் பின்பக்கத்து இருட்டு மூலைக்குத் தள்ளினார். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிப் போனேன். மூக்குதானே நமக்குச் சோறு போடுகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தன் வேலையில் மட்டும் இவர் தங்கம். அதை மறுத்தால் என் வாய் அழுகிவிடும். கம்பெனியின் மாடியில் வெள்ளையடித்த ஓர் அறை. ஜன்னல்கள் இறுக மூடியிருக்கும், கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். உள்ளே அடர்நீலக் கண்ணாடிக் குவளைகள். உள்ளிருக்கும் விஸ்கியின் நிறத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக அந்த நீலம். பாட்டில் இருக்காது, பெயர் இருக்காது, எந்தப் பீப்பாயிலிருந்து வந்தது என்றும் சொல்ல மாட்டார்கள். முகர்ந்து, ஒரு மிடறு எடுத்து, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டு, இன்னது என்று சொல்ல வேண்டும். சரக்கு சரியாக இருந்தால் குவளையைக் கவிழ்த்து வைப்பார்கள். நான்கு பேரும் கவிழ்த்தால்தான் அது பாட்டிலுக்குப் போகும்.

அந்த நால்வரில் இவர்தான் மூத்தவர். தலைவரான அன்றே இவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். சின்னவர்தான் முதலில் பேச வேண்டும், இவர் கடைசியில். ஏன் இப்படி என்று கேட்டேன். "பெரியவன் முதல்ல வாயத் தொறந்தா சின்னவன் மூக்கு அடைச்சுக்கும்" என்றார். இவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த பேச்சு அதுதான். பின்னால் அதையே நினைத்து நினைத்து எரிந்ததும் நான்தான்.

மழைக்காலத்தில் இவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. படுத்தார், எழுந்தார், வேலைக்குப் போனார். நானும் மறந்துவிட்டேன். ஆனால் அந்தக் காய்ச்சல் போகும்போது இவர் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. இவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்குக்கூடத் தெரியாது. கமுக்கமாக ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று அவர் கைவிரித்திருக்கிறார். இவர் மண்ணெண்ணெயை முகர்ந்து பார்த்தார், என் மெஷின் எண்ணெயை முகர்ந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்த அறையில் பிழைப்பு ஓடியது. இவர் ஏற்படுத்திய வழக்கமே இவரைக் காப்பாற்றியது. மற்ற மூவரும் மணத்தைச் சொல்லி முடிப்பார்கள், இவர் அதைக் கூட்டிச் சேர்த்து அழகாக ஒரு வாக்கியம் சொல்வார். நான் இதை நியாயப்படுத்த வரவில்லை. பொய் பொய்தான். அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் எனக்கு இன்னொன்று உண்டு. இல்லாத அந்த மூக்குக்காக அத்தனை நாளும் வீட்டில் என்னை வெங்காயம் வதக்கவிடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "அடடா, என்ன மணம்!" என்று வேறு சொல்வார்.

அப்போதுதான் பிஸ்கட் கம்பெனியிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்து சேர்ந்தார். விஸ்கியைத் தொட்டும் பாராதவர். அதில் தப்பில்லை, நானும் தொட்டதில்லை. ஆனால் நான் அதைப் பற்றி யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. வந்த வேகத்தில் அவர் ருசி அறைக்குள் நுழைந்து, மேலே பூசியிருந்த சென்ட் கமகமக்க, "சீனியர் முதல்ல சொல்லட்டும். மத்தவங்க சேத்துக்க ஏதாவது இருந்தா சேத்துக்கட்டும். எதுக்கு ஊர் சுத்தி வரணும்?" என்றார். நேரம் மிச்சமாம். இவர் எதிர்த்துப் பேசப் பார்த்தார். ஏன் வேண்டாம் என்பதற்குப் பாதிக் காரணத்தைத்தான் இவரால் சொல்ல முடியும். மீதிப் பாதியை எந்த வாயால் சொல்வார்?

மறுநாள் நீலக் குவளைகள் வந்தன. கம்பெனியின் பேர்போன சிங்கிள் மால்ட் விஸ்கி அன்று பாட்டிலுக்கு முந்தின பரிசோதனைக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மிதமான சரக்கு. வருஷக்கணக்கில் அதில் வந்தது பேரிக்காய் மணம், தேன், கொஞ்சம் பூ. இவர் குவளையை எடுத்தார், மூடியைத் திறந்தார், முகர்ந்தார், வாயில் வைத்தார். நாக்கில் இனிப்பும் காரமும் மட்டும் பட்டன. துப்பினார். எல்லோரும் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பேரிக்காய். தேன். கடைசில லேசா பூ" என்றார்.

மற்ற மூவரையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் இவருக்கு அடுத்தவர். இவர் எது சொன்னாலும் தலையாட்டுவதால் நான் அவருக்கு வைத்த பெயர் ஆமாஞ்சாமி. இன்னொருவர் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட என்ஜினியர். மூன்றாமவள் கெமிஸ்ட். படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவள் என்று கேள்வி. ஆமாஞ்சாமி முகர்ந்துவிட்டு, "ஆமா, பேரிக்காய். நல்லா பழுத்தது" என்றார். என்ஜினியர், "தேன் தூக்கலா இருக்கு" என்றார். கெமிஸ்ட், "பூ வாசம் ரொம்ப அழகா முடியுது சார்" என்றாள். நான்கு குவளைகளும் கவிழ்ந்தன.

அன்று சாயங்காலம் இவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கைப்பட்டி பட்டன் தளர்ந்திருந்தது. நான் பட்டனைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடிக்க முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். குப்பென்று அடித்தது. அந்தத் துணியில் ஒரு சொட்டுச் சிந்திக் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"ஏங்க, உங்க கம்பெனில தீ கீ பிடிச்சுதா?" என்றேன்.

"தீயா? இல்லியே. ஏன்?"

"சட்டையில இப்படி நாறுது? தார் காய்ச்சுற இடத்துல நின்ன மாதிரி, ஆஸ்பத்திரில புண்ணுக் கட்டப் பிரிச்ச மாதிரி, ஈரச் சாம்பல் மாதிரி... அப்பப்பா! எங்க போய்ப் புரண்டு வந்தீங்க?"

இவர் கைப்பட்டியை வாங்கி மூக்கில் வைத்து இழுத்தார். மறுபடி இழுத்தார். கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். காய்ச்சலிலிருந்து பேரிக்காய் வரைக்கும் எல்லாக் குட்டையும் அங்கேயே உட்கார்ந்து என்னிடம் உடைத்தார். சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த கரிய மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காயவைத்துச் செய்கிற மால்ட் ஒன்று உண்டாம். பீட் புகை என்பார்களாம். கொஞ்சம் புகையடித்ததும் உண்டு, கனமாகப் புகையடித்ததும் உண்டு. கனமானதை மூடி திறந்தாலே அடுத்த அறைக்குத் தெரியுமாம். வேறொரு கம்பெனி கேட்டதற்காகத் தருவித்த அப்படிப்பட்ட பீப்பாய்கள் கிடங்கின் பின்வரிசையில் இருந்தன. யாரோ வரிசை மாற்றிக் குழாயைப் போட்டிருக்கிறார்கள். அதைத்தான் நான்கு பேரும் பேரிக்காய் என்று கவிழ்த்திருக்கிறார்கள்.

நான் முதலில் இவரைத்தான் வெளுத்து வாங்கினேன். என்னிடமே மறைத்ததற்கு, இல்லாத மணத்தைப் பாராட்டியதற்கு, இருட்டு மூலையில் என் கண்ணைக் கெடுத்ததற்கு. எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அதன் பிறகு மெதுவாக ஒன்று கேட்டார்.

"எனக்கு மூக்கு இல்ல, சரி. அவங்க மூணு பேருக்கும் என்ன ஆச்சு?"

என் கோபம் அந்த இடத்தில் அப்படியே திசை திரும்பியது. ஒரு சொட்டு, அதுவும் காய்ந்துபோன சொட்டு, நூல் கடிக்கப் போன எனக்கு அந்த அடி அடித்தது. அவர்கள் குவளை நிறைய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

இவர் உடனே மேனேஜருக்குப் போன் போட்டார். "காலைல பேசிக்கலாம் சார்" என்று அவர் வைத்துவிட்டார். காலையில் பாட்டிலில் அடைக்கத் தொடங்கிவிடுவார்கள். பேசாமல் இருந்தால் பழி நான்கு தலைகளில் பங்கு பிரியும், வேலையும் இப்போதைக்குத் தப்பும். வாயைத் திறந்தால் இவர் ஆயுசு முழுக்கச் சேர்த்த பேர் போகும், உத்தியோகமும் போகும். நான் என்ன செய்யச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். நான் சொல்லும்படி இவர் வைக்கவில்லை. "இத்தனை வருஷமா என் நாக்க நம்பித்தான் வாங்குறாங்க. புகையைக் குடுத்துப் பேரிக்காய்ங்கறதா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காலையில் பட்டன் தைத்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

ருசி அறைக்குள் நடந்ததை இவர் சொன்னார், வெளியே நடந்ததை என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் கம்பெனி டைப்பிஸ்ட் பெண் சொன்னாள். இரண்டும் பொருந்தின. ருசி அறையில் மேனேஜர், மூவர், இவர். குவளைகளில் அதே சரக்கு. இவர் நின்றபடியே, "எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சலுக்கு அப்புறம் போயிடுச்சு. நேத்து நான் சொன்னது தப்பு. இது கனமான புகைச் சரக்கு. பாட்டிலிங்கை நிறுத்துங்க" என்றார்.

மேனேஜர் சிரித்திருக்கிறார். "வாசனை தெரியாதுங்கறீங்க. அப்புறம் புகைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"என் சம்சாரம் சொன்னா."

அதற்கு அவர் இன்னும் பலமாகச் சிரித்தாராம். என்னைப் பார்த்தே இராத மனிதர், என் சொல்லுக்குச் சிரித்தார். பிறகு குவளையை மூக்கருகே கொண்டுபோய், "விஸ்கின்னா இப்படித்தானே நாறும்?" என்று சொல்லிவிட்டு மூவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. புகை இருக்கா?"

இந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நேற்றாவது பயம், மரியாதை, பழக்கம் என்று ஏதோ ஒரு சப்பைக்கட்டு கட்டலாம். இன்று அந்தப் பெரியவரே எழுந்து நின்று, தன் குட்டைத் தானே உடைத்து, வாயைத் திறங்கள் என்கிறார். புகை என்று சொன்னால் நேற்று பொய் சொன்னோம் என்று ஆகிவிடும். ஆமாஞ்சாமி மீண்டும் முகர்ந்தார். "எனக்குப் பேரிக்காய்தான் சார் தெரியுது." என்ஜினியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தேன் என்றார். தங்கப் பதக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு லேசா சளி சார்" என்றது.

மூக்கே இல்லாத ஒருவர், மூக்குள்ள மூவரிடம் மணத்தைக் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மேனேஜர், "சரி, வேலையைப் பாப்போம்" என்று எழுந்தார். இவர் எச்சில் துப்பும் தட்டைக் காலி செய்து, நான்கு குவளையையும் அதில் ஊற்றினார். குவளை கழுவுவதற்காகக் கெட்டிலில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை அதன் மேல் கவிழ்த்தார். ஆவி குபுகுபுவென்று எழுந்தது. எந்தக் காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்று இவரே சட்டம் போட்டிருந்த அந்த ரப்பர் பட்டைக் கதவை விரியத் திறந்து, தட்டைக் கொண்டுபோய் வெளித் தாழ்வாரத்தில் வைத்தார்.

விஸ்கிக் கிடங்கில் தீ என்றால் என்ன ஆகும் என்று அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் பாடம் நடத்தியிருக்கிறார்கள். புகை நாறினால் யாரையும் கேட்காதே, மணியை அடி. தாழ்வாரத்தை ஒட்டிய அறையில் இருந்த டைப்பிஸ்ட் பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஐயோ, ஒயர் எரியுது!" என்று கத்திக்கொண்டே சுவரிலிருந்த மணியை ஓங்கி அடித்தாள். கணக்குப் பிரிவு ஓடியது, லாரிக்காரர்கள் ஓடினார்கள், மணல் வாளியோடு வாட்ச்மேன் மாடிக்கு ஓடி வந்தார். பாட்டில் ஓடுகிற பட்டை தானாக நின்றது. எல்லோரும் வாசலில் கூடி நின்று எங்கே தீ, எங்கே தீ என்று தேடினார்கள். வாட்ச்மேன் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல இருந்துதான் சார் வருது" என்றார்.

ஆமாஞ்சாமியும் கூட்டத்தோடு கூட்டமாக வாசலுக்கு ஓடியிருந்தார். வாசலில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாராம். பேரிக்காய்க்கு யாராவது மூக்கைப் பொத்துவார்களா?

கிடங்கில் போய்ப் பார்த்தார்கள். குழாய் பின்வரிசையில் போட்டிருந்தது. சரக்குத் தப்பியது, கம்பெனியின் பேர் தப்பியது. அப்புறம் விசாரணை என்று ஒரு கூத்து நடந்தது. தீயே இல்லாமல் மணி அடித்ததற்காக அந்த டைப்பிஸ்ட் பெண்ணைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். மேனேஜர் சரியான நேரத்தில் விழிப்பாக இருந்தார் என்று பாராட்டு. மூவரும் மூத்தவர் பேச்சால் வழிதவறிவிட்டார்கள், அவர்கள் மேல் தவறில்லை என்று முடிவு. இவர் உடல்குறையை மறைத்தவர். ஆகவே ருசி அறையிலிருந்து நீக்கி, வாசலில் லாரிகளை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் வேலை. ஆமாஞ்சாமிக்கு இவருடைய நாற்காலி.

இவர் மறைத்தது தப்பு. அதற்குத் தண்டனை கொடுக்கட்டும், நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுந்து நின்று உண்மையைச் சொன்ன ஒரே ஆள் வாசலுக்குப் போவதும், இரண்டு நாளும் முகர்ந்து முகர்ந்து பொய் சொன்னவர்கள் மாடியில் இருப்பதும் எந்த ஊர் நியாயம்? நான் கேட்டேன். இவரைக் கேட்டேன், அண்ணனைக் கேட்டேன், துணி அளவு கொடுக்க வந்தவர்களை எல்லாம் கேட்டேன். "விடு, வாசல்ல காத்து நல்லா வருது" என்றார் இவர். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

நான் செய்தது ஒன்றுதான். மெஷினை இழுத்து முன்னறை ஜன்னலோரம் போட்டேன். கடையிலேயே அதிகம் மணக்கிற சோப்பு எது என்று கேட்டு வாங்கி வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆமாஞ்சாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கிக்கொண்டு வந்தார், நல்ல வேளையாகப் பேரிக்காய் இல்லை. இவர் எப்போதும்போல உட்காரச் சொன்னார். எனக்குத்தான் உள்ளே கனன்றது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்று காதைக் கொடுத்தேன்.

"அண்ணே, நீங்க திரும்ப வரணும்" என்றார் ஆமாஞ்சாமி. "மேனேஜர்கிட்ட நான் பேசிட்டேன். ஆலோசகர்னு ஒரு பதவி போடறதாச் சொல்றாரு."

"எனக்குத்தான் வாசனை தெரியாதே. வந்து என்ன பண்ண?"

"சும்மா வந்து உக்காந்தாப் போதும்ணே. முதல்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீங்க இல்லாம யாரு முதல்ல சொல்றதுன்னே தெரியல. என்னைச் சொல்லுங்கறாங்க. நான் சொல்லி, அது தப்பாப் போச்சுன்னா? அந்தப் பொண்ணச் சொல்லச் சொன்னா, சார் நீங்க சொல்லுங்கறா. குவளையெல்லாம் அப்படியே கெடக்கு."

மூக்கில்லாதவர் என்று துரத்திய இடத்துக்கே, மூக்கில்லாவிட்டாலும் பரவாயில்லை, முன்னால் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள்! தப்பானால் பலிகடா கைவசம் இருக்கும். இதைக் கேட்டுக்கொண்டே நின்றதில் பாலை மறந்துவிட்டேன். அடிப்பிடித்துக் கருகி வீடெல்லாம் நாறியது.

ஓடிப் போய் அடுப்பை அணைத்தேன். கொட்டத்தான் போனேன். அப்புறம் என்ன தோன்றியதோ, அந்தப் பாலிலேயே காபி கலந்தேன். இரண்டு தம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். ஆமாஞ்சாமியின் மூக்கு விடைத்ததை நான் பார்த்தேன். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், இவரை ஒரு பார்வை பார்த்தார். இவர் பாட்டுக்குத் தம்ளரை எடுத்துக் குடித்தார்.

"எப்படிங்க இருக்கு?" என்றேன்.

"சூடா இருக்கு" என்றார் இவர். இப்போதெல்லாம் தெரிந்ததை மட்டும்தான் சொல்கிறார்.

ஆமாஞ்சாமி ஒரு வாய் உறிஞ்சினார். தொண்டையில் இறங்க மறுத்தது எனக்கே தெரிந்தது. விழுங்கிவிட்டு, "ஆமா அண்ணி, நல்ல சூடு. மணமும் அருமையா இருக்கு" என்றார்.

"பால் கருகிப்போச்சு தம்பி" என்றேன். "வீடு முழுக்க நாறுது. தெருவுல போறவனுக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாது, அவருக்கு மூக்கு இல்ல. உங்களுக்கு என்ன இல்ல?"

ஆமாஞ்சாமி தம்ளரைக் கீழே வைத்தார். அதற்குப் பதில் சொல்லவும் அவர் இவர் முகத்தைத்தான் பார்த்தார். இவர் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். ஆமாஞ்சாமி, வரேன் அண்ணே என்று எழுந்து போனார். செருப்பை மாட்டும்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இவர் அந்தத் தம்ளரை மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தார்.

"கருகின பாலா இது? எப்படி இருக்கு, சொல்லேன்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து, தம்ளரை வாங்கி முகர்ந்து, எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.